தனி அதிகாரியின் வெறுப்பு மட்டுமல்ல

காவல்துறையில் இனவெறி என்றதும் நம்மில் பலர் யாரோ ஒரு கெட்ட அதிகாரியைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். 1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டனில் பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவரை வெள்ளையின இளைஞர்கள் குத்திக் கொன்றபோது, உடனிருந்து உயிர் தப்பிய நண்பரைக் காவலர்கள் பாதிக்கப்பட்டவராகவே நடத்தவில்லை. சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்கள் ஓரிரு நாளிலேயே கைக்கு வந்தும், முதல் கைதுக்கு இரண்டு வாரம் ஆனது. இப்படி நடக்க யாரும் ஆணையிட வேண்டியதில்லை என்பதே என்னை அதிகம் உறுத்துகிறது.

இந்தக் கொலையைக் காவல்துறை விசாரித்த விதத்தை ஆராய்ந்து 1999-இல் வெளியான மேக்பர்சன் விசாரணை அறிக்கை இதைத்தான் நிறுவனமயமான இனவெறி என்றது: தம்மை அறியாமலே ஊறிப்போன முன்முடிவுகளும் அறியாமையும் அக்கறையின்மையும் அன்றாட நடைமுறையாகி, நிறம் காரணமாக ஒரு சாராருக்கு உரிய சேவையைத் தருவதில் ஓர் அமைப்பே ஒட்டுமொத்தமாகத் தவறிவிடுவது. காவல்துறையோடு நிற்காமல், பள்ளிப் பாடத்திட்டமும் மாற வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்ததை ஏனோ பலர் பேசுவதில்லை.

கொலைக்காக இருவர் தண்டிக்கப்பட்டது 2012-இல்தான். 2023-இல் பிரிட்டன் நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் லூயிஸ் கேசியின் ஆய்வறிக்கை லண்டன் பெருநகரக் காவல்துறையின்மீது அதே குற்றச்சாட்டை மீண்டும் வைத்தபோது, அதன் ஆணையர் குறைகளை ஒப்புக்கொண்டார். ஆனால், 'நிறுவனமயமான' என்ற சொல்லை மட்டும் பயன்படுத்த மறுத்துவிட்டார்.