டோப்போ வரைபடத்தில் நீர்ப்பிடிப்பு எல்லையை வரைவது

நீர்ப்பிடிப்பு என்பது மழைநீர் ஓடிவந்து ஒரே புள்ளி வழியாக வெளியேறும் நிலப்பரப்பு; டோப்போ என்பது மேடுபள்ளத்தைக் கோடுகளால் காட்டும் வரைபடம். 1:50,000 வரைபடத்தை அச்செடுத்ததும் ஸ்கேலை வைத்து 1 கி.மீ. கட்டத்தை அளந்துவிடுங்கள். சரியாக 2 செ.மீ. இருக்க வேண்டும். பிரிண்டர் தாளுக்கு ஏற்றபடி சுருக்கி 1.9 ஆக்கிவிட்டால், பரப்பளவில் கிட்டத்தட்ட 10 சதவீதம் காணாமல் போகும்.

மேலே டிரேசிங் பேப்பரை ஒட்டி, முதலில் ஓடைகளை நீலப் பென்சிலில் வரைய வேண்டும். அச்சில் நீலமாக இருப்பவை மட்டும் போதாது. சமவுயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) வரிசையாக V போல மடங்கும் இடமெல்லாம் மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கும் பள்ளம்தான். V-யின் கூர்முனை மேட்டைப் பார்த்தால் பள்ளம், இறக்கத்தைப் பார்த்தால் முகடு. பழகியவர்களுக்கும் இது தலைகீழாகத் தெரியும். பக்கத்துத் தடித்த கோட்டின் உயர எண்ணைப் படித்தால் தெளிந்துவிடும். 20 மீட்டர் உயர இடைவெளி வரைபடத்தில் ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடித்திருக்கும், அதாவது 100 மீட்டருக்கு ஒன்று.

அடுத்து, தண்ணீர் வெளியேறும் புள்ளி. அதை இரண்டு ஓடைகள் கூடும் இடத்துக்கு மேலே வைக்கிறோமா கீழே வைக்கிறோமா என்பதைப் பொறுத்து ஒரு கிளை ஓடையின் மொத்தப் பரப்பும் கணக்கில் சேரும் அல்லது விடுபடும். அங்கிருந்து இரு கரையிலும் எல்லைக்கோட்டை மேலே ஏற்றுங்கள். சமவுயரக் கோடுகளை அது செங்குத்தாக வெட்ட வேண்டும். புள்ளியைத் தவிர வேறெங்கும் ஓடையைத் தாண்டக் கூடாது.

உச்சிகளில் பெரும்பாலும் தவறு வராது. தவறு நேர்வது முகடு இரண்டாகப் பிரியும் இடத்தில். அகலமான கிளை கண்ணை இழுக்கும், ஆனால் அது நீர்ப்பிடிப்புக்கு உள்ளேயே இறங்கி முடிந்துபோகும். சந்தேகம் வந்தால் அந்தக் கிளையின் இருபுறமும் பென்சில் முனையை வைத்து இறக்கத்தோடு போய்ப் பாருங்கள். இரண்டும் நம் புள்ளிக்கே வந்தால் அது எல்லை அல்ல, பிரிந்த இடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். இரு உச்சிகளுக்கு நடுவே உள்ள தாழ்வான கணவாய் இன்னொரு தொல்லை. 20 மீட்டருக்குக் குறைவான மேடு அங்கே கோடுகளுக்கு நடுவில் மறைந்துகொள்ளும். அடர்காட்டில் மர உச்சியைத் தரை என்று எடுத்த கோடுகளும் உண்டு. அந்த இடத்தை மட்டுமாவது நேரில் பார்ப்பது நல்லது.

பரப்புக்கு 2 மி.மீ. கட்டத்தாள் வசதி. ஒரு கட்டம் ஒரு ஹெக்டேர். எல்லையில் பாதிக்கு மேல் உள்ளே இருப்பதை எண்ணி, மற்றதை விடுங்கள். கிடைப்பது கிடைமட்டப் பரப்பு; செங்குத்துச் சரிவில் கன்று நட இடம் கணக்கிடுவதென்றால் தரையின் பரப்பு இதைவிடக் கூடுதல்.