பாலும் முட்டையும் சேர்க்காத பம்ப்கின் பை

பம்ப்கின் பை என்பது மாவு ஓட்டுக்குள் பூசணிப் பூரணம் ஊற்றி ஓவனில் சுடும் இனிப்பு. முட்டை இல்லாவிட்டால் பூரணத்தை இறுக வைப்பது கார்ன்ஃப்ளார்தான். 9 அங்குலத் தட்டுக்கு 425 கிராம் பூசணி விழுது, 240 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், 150 கிராம் பிரவுன் சுகர், 4 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், அரைத் தேக்கரண்டி உப்பு. பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்புப் பொடிகள். கார்ன்ஃப்ளாரை ஆறிய தேங்காய்ப்பாலில் கரைத்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கட்டி தட்டும்.

பெரும்பாலும் சொதப்புவது தண்ணீரால்தான். வீட்டில் வேகவைத்த விழுதை வாணலியில் வற்றவிடுங்கள். கரண்டியால் இழுத்த கோடு மூடாமல் நிற்க வேண்டும். இதில் மட்டும் அவசரமே கூடாது.

பூரணத்தை மாவு ஓட்டில் ஊற்றி, ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 55 முதல் 60 நிமிடம் சுடுங்கள். ஓரம் இறுகி, நடுவில் லேசாகத் தளும்பும்போதே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் மேற்பரப்பில் விரிசல் விழும். சூட்டோடு வெட்டினால் கூழாக ஓடும், ஆறினால்தான் ஸ்டார்ச் இறுகும். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.