உப்புத் தண்ணீரும் வறண்ட தலைத்தோலும்

டிசம்பர் 28, 2024, சனி

சிறுவாணித் தண்ணீர் வந்துகொண்டிருந்த வீட்டை விட்டு, கோயம்புத்தூரின் விளிம்பில் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரையே நம்பியிருக்கும் இந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. இன்று கறுப்பு ரவிக்கையின் தோளில் கோலமாவு சிந்தியதுபோல் வெள்ளைத் துகள்கள் கிடந்தன. சோப்புப் போட்டு முகம் கழுவியபின் கன்னம் இழுக்குமே, அதே இழுப்பு தலை முழுவதும் இருக்கிறது; காதுக்குப் பின்னால் அரிப்பு தாங்க முடியவில்லை. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "எண்ணெய் வெச்சு ராத்திரி முழுக்க ஊற விடு கண்ணு, எல்லாம் சரியாப் போயிரும்" என்றார்.

டிசம்பர் 31, 2024, செவ்வாய்

அம்மா சொன்னபடியே செய்தேன். தலையணை உறை வீணானதுதான் மிச்சம் என்று சொல்லிவிட மாட்டேன். காலையில் தலை இதமாகவே இருந்தது. ஆனால் அவ்வளவு எண்ணெயையும் போக்க, ஆவி பறக்கும் வெந்நீரில் இரண்டு முறை ஷாம்பு போட வேண்டியதாயிற்று. மாலைக்குள் முன்பைவிட அதிகமாக இழுக்கத் தொடங்கிவிட்டது. வெளியிலிருந்து வைத்த எண்ணெயோடு, தோல் தானே சுரந்து வைத்திருந்த எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கழுவிக் கொட்டிவிட்டேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

ஜனவரி 2, 2025, வியாழன்

தோல் மருத்துவரிடம் போய்வந்தேன். அவர் தலையைப் பார்ப்பதற்கு முன்பே என் முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது பொடுகு அல்ல, வறட்சி என்றார்.

இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலரும் தவறுகிறோம். பொடுகு பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குள்ள தலையில் வருவது; செதில்கள் சற்றுப் பெரிதாக, மஞ்சள் பாய்ந்து, முடியின் வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும். மலசேசியா என்ற ஈஸ்ட் வகை நுண்பூஞ்சை நம் தோலின் எண்ணெயைத் தின்று வாழ்வது. அது விட்டுவைக்கும் கொழுப்பு அமிலங்கள் சிலருக்கு எரிச்சலூட்டித் தோலை உரியச் செய்கின்றன. அப்படிப்பட்ட தலையில் எண்ணெயை ஊற விடுவது அந்த ஈஸ்ட்டுக்குச் சோறு போடுவதாகவே முடியும். அதற்குக் கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த ஷாம்பு வேண்டும். வறட்சியில் உதிர்வதோ மாவுபோன்ற நுண்ணிய, காய்ந்த துகள். கைகால் தோலும் கூடவே வறண்டிருக்கும். தடித்த செதில், சிவப்பு, நீர் வடிதல் ஆகியவை தெரிந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் வரச் சொன்னார்.

எனக்கு மருந்து எதுவும் தரவில்லை. வெதுவெதுப்பான நீரில் வாரம் இரண்டு முறை, சல்பேட் என்ற கடுமையான நுரைப்பொருள் இல்லாத ஷாம்புவைக் குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் குளித்தால் போதும் என்றார்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

குளியலறைக் குவளையின் உட்புறத்தை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தது. உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, நீரில் கரையாத பிசுக்காகி முடியிலும் தோலிலும் தங்கிவிடுகின்றன. நுரை வராததால் நானும் இரண்டு மாதங்களாகக் கூடுதலாகத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இந்த உப்புகளில் ஒரு பகுதிதான் குறையும் என்பதால், கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீரை ஒதுக்கிவைக்கிறேன். முடி பிசுபிசுக்காமல் விரலுக்கு நழுவுவதை இன்றே உணர முடிந்தது.

ஜனவரி 10, 2025, வெள்ளி

எண்ணெயை நான் விட்டுவிடவில்லை; வைக்கும் விதத்தைத்தான் மாற்றினேன். ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயைக் கைச்சூட்டில் இளக்கி, வகிடெடுத்து, விரல் நுனியால் தோலில் மட்டும் தடவி, அரை மணி நேரத்தில் குளித்துவிடுகிறேன். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அது முடித்தண்டுக்குள் புகுந்து, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது. தோலின் மேல் அது ஒரு மெல்லிய படலமாக நின்று ஈரம் ஆவியாவதையும் தடுக்கிறது.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கலுக்கு வந்த அம்மா ஒரு பை அரப்புத் தூள் கொண்டுவந்தார். சோறு வடித்த கஞ்சியில் குழைத்து அவரே தேய்த்துவிட்டார். கண்ணில் பட்டு எரிந்தது. ஆனால் தலை இழுக்கவில்லை. எலுமிச்சைச் சாற்றையும் அவர் எடுத்து வைத்திருந்தார். அரிப்பால் கீறிய தோலில் அவ்வளவு புளிப்பு எரிச்சலைத்தான் கூட்டும் என்று சொன்னதும், "சரி, அது ரசத்துக்கு ஆகட்டும்" என்று எடுத்துக்கொண்டு போனார்.

ஜனவரி 24, 2025, வெள்ளி

ஊறவைத்து அரைத்த வெந்தயம் முடிக்கு வழவழப்பைத் தருகிறது. அதன் திப்பிகளை அலசி எடுப்பதற்குள் நல்ல தண்ணீர் தீர்ந்துவிட்டது. இந்த வீட்டுக்கு அது சரிப்படாது.

பிப்ரவரி 1, 2025, சனி

மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும் என்பதால் இதுவரை பொறுமையாக இருந்தேன். இன்று காலை அதே கறுப்பு ரவிக்கையை மடியில் விரித்து, தலையைக் கவிழ்த்துச் சீவினேன். நான்கைந்து துகள்கள் மட்டுமே விழுந்தன. காதுக்குப் பின்னால் இருந்த கீறல்கள் ஆறிவிட்டன. மகளின் தலையையும் வகிடு பிரித்துப் பார்த்தேன். அவளுக்கும் உச்சியில் லேசான வெளுப்பு தெரிகிறது. நாளையிலிருந்து நல்ல தண்ணீர் இரண்டு குடம் எடுத்துவைக்க வேண்டும்.