குப்பனூருக்கு எந்த ஊர் வெயில்?

குப்பனூரில் ஒரு ஏக்கர் குச்சிக்கிழங்குக்கு (மரவள்ளிக்கு) இந்த வாரம் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்? கணக்குப் போட எந்த வானிலை நிலையத்தின் பதிவை எடுப்பது? வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் சேலத்தைவிட ஏற்காடுதான் பக்கம். ஆனால் குப்பனூர் இருப்பது மலையடிவாரத்தில். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் நகரம் சுமார் 280 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதால், இரண்டு ஊருக்கும் எட்டு டிகிரி வரை வித்தியாசம் வரும். நிலையங்களுக்கு நடுவே கோடு கிழித்து நிலத்தைப் பங்குபோடும் தீசன் முறை தூரத்தை மட்டுமே பார்க்கும், உயரத்தைப் பார்க்காது. சேர்வராயன் போலத் திடுமென எழும் மலையில் அது அடிவார ஊர்களை ஏற்காட்டோடு சேர்த்துவிடும்.

தவறு எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். ஏப்ரல் நாள் ஒன்றில் கீழே பகல் 37, இரவு 25 டிகிரி என்றும், மேலே 29, 19 என்றும் வைத்துக்கொள்வோம். வெப்பநிலையை வைத்துக் கணக்கிடும் ஹார்கிரீவ்ஸ் சூத்திரத்தில் போட்டால் ஆதார நீராவிப்போக்கு, அதாவது தண்ணீர் குறையாத புல்வெளி ஒரு நாளில் ஆவியாக இழக்கும் நீர், கீழே 6.07 மி.மீ., மேலே 4.74 மி.மீ. வித்தியாசம் 1.33 மி.மீ. ஒரு ஏக்கரில் ஒரு மி.மீ. என்பது 4,047 லிட்டர். புல்வெளிக் கணக்கை நம் பயிருக்கு மாற்றும் எண்தான் பயிர்க் குணகம்; வளர்ந்து படர்ந்த கிழங்குக்கு அதை 0.8 என்று வைத்தால் நாளுக்கு 4,300 லிட்டர், வாரத்துக்கு 30,000 லிட்டர் குறைத்துச் சொல்லியிருப்போம். அந்தக் குறை கிழங்கின் பருமனில் தெரியும்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: மழைக்கும் நீராவிப்போக்குக்கும் ஒரே நிலையத்தை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எடுக்கவே கூடாது என்பேன். வெயிலும் காற்றும் சமவெளியில் பல கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனால் இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதே உயரத்தில் நல்ல நிலையம் ஒன்று இருந்தால் நீராவிப்போக்குக்கு அது போதும். மழை அப்படி இல்லை. சித்திரையில் இடி மின்னலோடு வரும் மழை வாழப்பாடியில் கொட்டிவிட்டு அயோத்தியாப்பட்டணத்தில் தூறல்கூடப் போடாமல் போகும். மழைக்குத் தோட்டத்திலேயே ஒரு சாதாரண மழைமானி நட்டு, தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுவதுதான் சரி.

அந்த 8.30 மணியில் ஒரு சிக்கல் இருக்கிறது. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. தானியங்கி நிலையங்கள் சில நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டுகின்றன. இரண்டையும் தேதி பார்த்து ஒட்டினால் மாலையில் பெய்த மழை ஒரு பதிவில் இன்றைய தேதியிலும், மற்றதில் நாளைய தேதியிலும் நிற்கும். காலையில் வாசிக்கும் அதிகபட்ச வெப்பநிலையும் முந்தைய நாளுடையதுதான்.

அடுத்து நிலையம் நிற்கும் இடம். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ. 1998-இல் வெளியிட்ட 56-ஆம் அறிக்கையின் பென்மன்-மான்டீத் சூத்திரம் வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் வைத்து நீராவிப்போக்கைக் கணக்கிடுவது; 12 செ.மீ. உயரத்தில் தண்ணீர் குறையாமல் வளரும் புல்வெளியை மனதில் வைத்து எழுதப்பட்டது. மொட்டை மாடி, தார்த்தளம், கோடையில் காய்ந்த பொட்டல் ஆகிய இடங்களில் நிற்கும் கருவி அதிக வெப்பத்தையும் குறைந்த ஈரப்பதத்தையும் காட்டும், தேவைக்கு மேல் தண்ணீர் கேட்கும். கண்டுபிடிக்க எளிய வழி: விடியற்காலைக் குறைந்தபட்ச வெப்பநிலையும் பனிநிலை வெப்பநிலையும் (காற்றில் உள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) எவ்வளவு நெருங்குகின்றன என்று பாருங்கள். பாசனம் உள்ள இடத்தில் இரண்டும் ஒட்டி நிற்கும். நாள்தோறும் 3 டிகிரிக்கு மேல் விலகியிருந்தால் அந்த நிலையம் உங்கள் வாழைத்தோட்டத்துக்கு ஆகாது. மலையில் தவறு வேறு பக்கம் போகும். காபிச் செடிக்கு நடுவே, சில்வர் ஓக் நிழலில் கருவியை வைத்தால் காற்றும் வெயிலும் குறைந்து பதிவாகும். திறந்த இடத்தில் வையுங்கள், நிழலைப் பயிர்க் குணகம் பார்த்துக்கொள்ளும்.

காற்று வேகம் 2 மீட்டர் உயரத்துக்கானதாக இருக்க வேண்டும். 10 மீட்டர் கம்பத்தில் அளந்தது என்றால் 0.748-ஆல், 3 மீட்டர் என்றால் 0.92-ஆல் பெருக்குங்கள். நீராவிப்போக்கைக் கணக்கிடும் மென்பொருளில் ஊரின் உயரத்தையும் மாற்றுங்கள்: காற்றழுத்தம் சேலத்தில் சுமார் 98 கிலோபாஸ்கல், ஏற்காட்டில் 85.

பிறகு கருவியின் உடல்நலம். மேகமில்லாத நாட்களின் சூரியக் கதிர்வீச்சை, வளிமண்டலத்துக்கு வெளியே விழும் அளவோடு ஒப்பிடுங்கள். சேலத்தில் அது 0.756 மடங்கு, ஏற்காட்டில் 0.78 மடங்கு அளவுக்கு வர வேண்டும். தெளிந்த நாட்களிலும் பத்து சதவீதம் குறைந்தே நின்றால் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும். காற்று வேகம் அளக்கும் கிண்ணம் நாள் கணக்கில் அசையவில்லை என்றால் பேரிங் போயிருக்கும். சுற்று ஊர்களில் 30 மி.மீ. பெய்த நாளில் பூஜ்யம் காட்டும் மழைமானியின் புனலில் சருகோ குளவிக்கூடோ அடைத்திருக்கும். மழை நாளிலும் ஈரப்பதம் 85-ஐத் தாண்டாவிட்டால் உணரியை மாற்ற வேண்டும்.

இரு நிலையங்களின் பதிவு ஒன்றாக ஏறி இறங்குகிறது என்பதை வைத்து ஒன்றை மற்றதற்குப் பதிலாகப் போடாதீர்கள். மாசியில் ஏறி ஐப்பசியில் இறங்குவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். சராசரி விலகல் எவ்வளவு என்பதே கேள்வி.

ஒரு வட்டாரம் முழுவதற்கும் கணக்கிடும்போது, சமவெளி, சரிவு, மேல்மலை என உயரத்தால் பிரித்துவிட்டு, சராசரி எடுக்கையில் ஒவ்வொன்றிலும் பாசனம் நடக்கும் பரப்பை எடையாக வையுங்கள், அதாவது அதிகம் பாசனம் நடக்கும் பகுதிக்கு அதிகப் பங்கு கொடுங்கள். மொத்தப் பரப்பை வைத்தால், வாய்க்காலும் போரும் இல்லாத காப்புக்காடு சராசரியை இழுத்துவிடும். விடுபட்ட நாட்களை அதே உயரப் பட்டையில் உள்ள நிலையத்தைக் கொண்டு, அந்த மாதத்தின் சராசரி வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ நிரப்பலாம். மழைக்கு மட்டும் இந்த வழி வேண்டாம், அந்த நாளை வெற்றாகவே விட்டுவிட்டு மண்ணைத் தோண்டி ஈரம் பாருங்கள்.