கிணற்றை எட்டிப் பார்க்க முதல்

தொழில்நுட்பக் கல்லூரி முடித்து வரும் பெடியளிடம் சொற்கள் நிறைய இருக்கும். வீட்டுப் பம்பி தண்ணி இழுக்கேல்லை என்று கூப்பிட்டால், பையைக் கீழே வைக்க முதலே "கவிற்றேஷன்" (பம்பிக்குள் நீராவிக் குமிழி உண்டாகி உடைவது), "வைண்டிங் போச்சு" (மோட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) என்று தொடங்கிவிடுவார்கள். வீட்டுக்காரரும் தலையாட்டுவார், விளங்கினதால் அல்ல.

முதலில் கயிற்றில் கல்லைக் கட்டி, பம்பியிலிருந்து நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். மாரியில் உயர்ந்து நிற்கும் நீர் ஆவணி, புரட்டாதியில் இறங்கிவிடும். உறிஞ்சும் உயரம் ஏட்டில் 10.3 மீற்றர், உராய்வையும் கசிவையும் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 7 மீற்றர், 23 அடி. அதற்கும் கீழே நீர் போனால் புது மோட்டர் பூட்டியும் பிரயோசனமில்லை. பம்பியைக் கிணற்றுக்குள் தட்டு அடித்து இறக்க வேண்டியதுதான்.

மட்டம் சரியென்றால், பம்பியின் மேல்மூடியைக் கழற்றி நிரம்பத் தண்ணி ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கோ. இறங்கினால் அநேகமாகப் புட்வால்வில், அதாவது குழாயின் அடியில் தண்ணி திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வில், சுண்ணாம்புத் துகளோ வேரோ சிக்கியிருக்கும்; எங்கட யாழ்ப்பாண நிலத்தடி சுண்ணக்கல் அல்லவா. இறங்காமல் நின்றும் ஓடும்போது காற்று வந்தால் உறிஞ்சு குழாயின் மூட்டுகளைச் சந்தேகிக்கலாம். படித்தவர் மாட்டுப்படுவது இங்கேதான். காஸ் கசிவு தேடுவதுபோலச் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வரும் என்று காத்திருப்பார். இது இழுக்கிற பக்கம். நுரை ஊதாது, உள்ளே போகும். மூட்டு மூட்டாகக் கிறீஸ் அப்பினால், எதில் அப்பியதும் தண்ணி காற்றில்லாமல் கட்டியாக வருகிறதோ அதுதான் ஓட்டை.

மோட்டர் உறுமிக்கொண்டு சுழலாமல் நின்றால் உடனே நிற்பாட்ட வேண்டும். விட்டால்தான் வைண்டிங் உண்மையாகவே எரியும். மின்னைத் துண்டித்து, விசிறிப் பக்கத் தண்டைக் கையால் திருப்புங்கோ. இறுகியிருந்தால் துரு, படிவு. இலகுவாகச் சுற்றினால் மோட்டரைத் தொடக்கிவிடும் கப்பாசிற்றர் பழுது, இல்லாவிட்டால் வோல்ற் குறைவு. மோட்டர் நிற்கும்போது வோல்ற்மீற்றர் 230 காட்டியதும் "கரண்ட் ஓகே" என்று சொல்லிவிடுவதுதான் வழக்கமான அவசரம். தொடங்கும் கணத்தில் அளந்தால், தளர்ந்த இணைப்பொன்றால் அது 184க்கு விழக்கூடும். வோல்ற் 80 வீதமானால் தொடக்க முறுக்குவிசை, அதாவது தண்டைச் சுழற்றத் தொடங்கும் விசை, 64 வீதந்தான்.

பழைய கைகள் இந்த 64ஐ வீட்டாருக்குச் சொல்வதேயில்லை. "அம்மா, இந்தப் பைப்பில கடைசியா ஆர் கை வச்சது?" என்றுதான் தொடங்குவார்கள். போன கிழமை கிணறு இறைச்சவை பைப்பை அசைச்சவை என்று பதில் வந்தால், கிறீஸ் டப்பாவோடு நேரே அந்த மூட்டுக்குப் போகலாம்.