ஊமையடியும் ஒரு வரி எழுதாத சீட்டும்

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் சனிக்கிழமை சாயங்காலம் நாய் குறுக்கே வந்து பைக்கோடு விழுந்தேன். பெரிய வேகமெல்லாம் இல்லை. ஹேண்டில்பார் முனை மட்டும் இடது விலாவுக்குக் கீழே ஒரு குத்து குத்தியது. ரத்தம் இல்லை, எலும்பு முறியவில்லை, ஐந்து ரூபாய் நாணய அளவில் கன்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். முழங்கை சிராய்ப்புதான் அப்போது பெரிதாகத் தெரிந்தது.

தெருமுனை கிளினிக்கில் "பைக்கில் இருந்து விழுந்தேன், வயிறு வலிக்கிறது" என்று தெளிவாகத்தான் சொன்னேன். டாக்டர் முழங்கையைப் பார்த்தார், டிடி ஊசி, வலிக்கு ஒரு ஊசி, வாயுவுக்கு மாத்திரை. வயிற்றில் கையே வைக்கவில்லை. சீட்டில் 'வயிற்று வலி, வாயு' என்று எழுதினார். விபத்து என்ற சொல்லே அதில் இல்லை. அன்றைக்கு நான் அதைப் படிக்கவும் இல்லை.

ஞாயிறு மத்தியானத்தில் இருந்து இடது தோள்பட்டை வலித்தது. படுத்தால் அதிகமாகிறது, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது. சுளுக்கு என்று மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். அது தோள் வலியே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இடது விலாவுக்குள் இருக்கும் மண்ணீரல் கிழிந்தால், அதில் இருந்து கசியும் ரத்தம் உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கு) அடியில் தேங்கி அங்கே உறுத்தும். அந்த இடத்து நரம்பும் தோள்பட்டைத் தோலின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்தில் இருந்து கிளம்புவதால் மூளை குழம்பித் தோளில் வலி என்கிறது. வயிற்றில் அடிபட்ட ஆளுக்கு அடிபடாத இடது தோள் வலித்தால் தைலத்தைத் தேடாதீர்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள். 108-ஐக் கூப்பிட்டால் இன்னும் நல்லது.

திங்கள் காலை பாத்ரூமில் கண் இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் பயம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் நாடித்துடிப்பு 112. பிரஷர் பரவாயில்லை. உடனே வயிற்றில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துவிட்டு "கொஞ்சம் திரவம் தெரிகிறது, சிடி ஸ்கேன் எடுக்கணும்" என்றார்கள். அல்ட்ராசவுண்ட் உள்ளே ரத்தம் தேங்கியிருப்பதைக் காட்டும், எந்த உறுப்பு எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லாது. திரவம் குறைவாக இருந்தால் அதையும் தவறவிடும். அதனால் ஸ்கேன் நார்மல் என்று யாராவது வீட்டுக்கு அனுப்பினாலும் வலி, தலைசுற்றல் இருந்தால் திரும்பிப் போங்கள்.

சிடி அறை வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நிறுத்திவிட்டார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் இல்லையாம், அது இல்லாமல் ஸ்கேனில் ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிய ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்தை ஏற்ற மாட்டார்களாம். ரத்தம் எடுத்தது கேஷுவாலிட்டியில், அதை லேபுக்குக் கொண்டுபோகவே ஆள் போகவில்லை. மறுபடி கீழே, மறுபடி லிஃப்ட், ஒரு மணி நேரம் போச்சு. கூட வருகிறவர் ஒருத்தர் லேப் வாசலிலேயே நிற்க வேண்டும், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணீரலில் கிழிசல், கிரேடு 3. ஐந்து கிரேடில் நடு. வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று நினைத்து அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். சர்ஜன் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: பிரஷர் நிற்கிறது, சிடியில் புதிதாக ரத்தம் பீறிடும் அடையாளம் இல்லை, அதனால் கத்தி வேண்டாம், காவல் காப்போம். பீறிட்டால் தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு அடைக்கலாம், பிரஷர் இறங்கினால்தான் ஆபரேஷன். மண்ணீரலை எடுத்துவிட்டால் சில கிருமிகளை எதிர்க்கும் பலம் போய்விடும், அப்புறம் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி என்று நீளும். ஆகவே ஐசியு, ரத்தக்கசிவு நின்றதா என்று பார்க்க ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின். 12.8, 10.1, 9.4, பிறகு 9.6. அந்த 0.2 ஏறியதற்கு வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ்.

சனிக்கிழமை போட்ட வலி ஊசியைப் பற்றியும் கேட்டேன். அது வலியை மூடி மறைத்ததோடு, அந்த வகை மருந்துகள் ரத்தம் உறைவதையும் கொஞ்சம் கெடுக்குமாம்.

உடம்பு சரி. அடுத்தது இன்சூரன்ஸ். கேஷ்லெஸ், அதாவது ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவது, மறுப்பு. முதல் சீட்டில் வாயு, பிறகு எப்படி விபத்து என்று கேள்வி. எம்.எல்.சி. (விபத்து கேஸ்களுக்கு ஆஸ்பத்திரி போடும் சட்டப் பதிவு), விபத்துப் பதிவேட்டு நகல், போலீஸ் ரசீது எல்லாம் வேண்டுமாம். ஒரு ஸ்டேஷனில் "எங்க லிமிட் இல்லை" என்றார்கள், அடுத்ததில் "இத்தனை நாள் கழிச்சு ஏன் வர்றீங்க" என்றார்கள். கிளினிக்குக்கு மூன்று நடை நடந்து, 'நோயாளி பைக் விபத்து எனக் கூறினார்' என்று ஒரு வரி லெட்டர்பேடில் சீலோடு வாங்கினேன். முதல் நாளே எழுதியிருந்தால் ஐந்து விநாடி. தமிழ்நாட்டில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் இருந்து இருக்கிறது, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் மட்டும். நான் போன இடம் பட்டியலில் இல்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு இரண்டு வாரம்தான் பயம் அதிகம், தாமதமாக மறுபடி கிழியலாம். எடை தூக்கக் கூடாது, மூன்று மாதம் கிரிக்கெட் கூடாது என்றார்கள். மூன்றாம் மாதம் பணம் வந்தது. முதல் கிளினிக்கின் 350 ரூபாய் பில்லை மட்டும் 'இந்தச் சிகிச்சைக்குத் தொடர்பில்லாதது' என்று கழித்துவிட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் இன்சூரன்ஸ்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை.