கடலோர ஊருக்கு ஒரு நீச்சல்குளம்

"கடலே பக்கத்துல கெடக்கு, எங்களுக்கு எதுக்குத் தம்பி நீச்சல்குளம்?"

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு பொது நீச்சல்குளத்துக்குச் சின்னம், வண்ணம், பலகை, விளம்பரம் எல்லாம் வடிவமைக்கும் வேலை வந்தபோது, போன இடமெல்லாம் இதைத்தான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் பாக் விரிகுடா சீறும். கடலுக்குப் போகிற வீட்டுப் பையன்கள் எப்படியோ பழகிவிடுகிறார்கள். அவர்களுடைய அக்கா தங்கைகளும் கடைத்தெருப் பிள்ளைகளும் கரையிலேயே நிற்கிறார்கள். குளம் அவர்களுக்குத்தான் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டேன்.

இலங்கைக்கும் நமக்கும் நடுவிலுள்ள பாக் நீரிணையை நீந்திக் கடந்தவர்களின் படம் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. 1966-ல் மிகிர் சென், 1994-ல் பன்னிரண்டு வயதுக் குற்றாலீசுவரன், இருவருமே தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியவர்கள். பெருமைதான். ஆனால் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கி நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சாதனை இன்னும் தூரமாகத்தான் தெரியும். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் சட்டை, முகத்தில் கண்ணாடி, அப்படியே மூழ்கி எழுகிறார்கள். இந்த ஊர்ப் பெண்ணுக்கு அவர்கள் சொந்தக்காரர்கள். சுவரொட்டிக்கு அவர்களைத்தான் வரைந்தேன்.

உடைதான் பெரிய விஷயம். இணையத்தில் கிடைக்கும் நீச்சல் படங்களைப் போட்டால் கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளை அனுப்பமாட்டார். பருத்தித் துணியும் குளத்துக்கு ஆகாது, நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். அதனால் கையும் காலும் மூடும் லைக்ரா உடையைப் படத்தில் தெளிவாகக் காட்டி, "இது போதும்" என்று எழுதினோம். பெண்களுக்கான நேரத்தையும் பெண் பயிற்சியாளர் இருப்பதையும் கட்டண விவரத்தைவிடப் பெரிய எழுத்தில் போட்டோம்.

சின்னத்தைவிட நான் அதிகம் மெனக்கெட்டது ஆழப் பலகைக்கு. 1.2 மீட்டர் என்றால் பெரியவருக்கு மார்பளவு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தலையே முழுகிவிடும். வெறும் எண்ணை எழுதி வைத்தால் யாருக்கு என்ன புரியும்? ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெரியவர், ஒரு குழந்தை, இருவருக்கும் தண்ணீர் எதுவரை என்று நிழலுருவமாக வரைந்து, குளத்து டைல் ஓட்டிலேயே பதிக்கச் சொன்னேன். படிக்கத் தெரியாதவருக்கும் அது புரிய வேண்டும். மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. "பிள்ளைமேல் கண் இருக்கட்டும்" என்ற வரி குளத்தின் நான்கு பக்கமும் இருக்கிறது.

பொருள் விஷயத்தில் உப்புக்காற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. இரும்பு எழுத்து துருப்பிடித்துச் சுவரெல்லாம் வழியும். பிளக்ஸைக் காற்று கிழித்துவிடும். சரி என்று வெளிச்சுவர் முழுக்க உள்ளூர் ஓவியரைக் கொண்டு எனாமல் பெயிண்டில் எழுதினோம். அவர் கை எழுதும் 'ழ'வின் வளைவு கணினி எழுத்துருவில் எனக்குக் கிடைக்கவே இல்லை. அதையே சின்னத்துக்கும் எடுத்துக்கொண்டேன்.

விளம்பரம் எளிமையானதுதான்: ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, பள்ளிகள், ஜமாத், தேவாலய அறிவிப்புப் பலகை. முதலில் வந்தவர்கள் அம்மாக்கள், பிள்ளைகளை விடுவதற்கு. அப்புறம் அவர்களே பெண்கள் நேரத்துக்குப் பெயர் கொடுக்கத் தொடங்கினார்கள். மழைக்காலம் முடிந்ததும் சுவரை மறுபடி எழுத வேண்டும். அந்தச் செலவை ஆண்டுப் பராமரிப்பிலேயே சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.